விழிக்க வைக்கும் சொல்

பச்சை வெங்காயம் தின்பதற்கு ஒரு பக்குவம் உண்டு சார். முதல் கடியைத் தாண்டிவிட்டால் பிறகு சிரமமில்லை. செந்தமிழன் பதினோரு வருடம் என் மேடையில் அதை ஆப்பிள் என்று நம்பித் தின்றான். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை.

என் தொழில் ஹிப்னாடிசம். நம் தீவில், ஜங்லிகாட்டில் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேலே அறை. ஹட் பேக்குப் போகும் கப்பலில் வாந்தி எடுப்பவர்கள் வருவார்கள். குடிகாரர்களை மனைவிமார் இழுத்து வருவார்கள். திருவிழாக்களில் மேடை நிகழ்ச்சி. கூட்டத்தில் வங்காளி, தெலுங்கர் எல்லாரும் இருப்பதால் கட்டளை மட்டும் இந்தியில். 'சோ ஜாவ்', அதாவது 'தூங்கு' என்றால் செந்தமிழன் மயங்குவான். 'பஸ்' என்றால் விழிப்பான். பஸ் என்றால் இந்தியில் 'போதும்', உங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை பெரார்கஞ்சில் நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது, முன்வரிசையில் இருந்த அன்னம்மாள் என்கிற காய்கறிக்காரம்மா, "ஏ, பஸ் வந்துருச்சுடி, கடைசி பஸ்" என்று எழுந்தாள். செந்தமிழன் கண்ணைத் திறந்தான், மேடையை விட்டு இறங்கினான், அவளுக்கு முன்னால் ஓடி ஜன்னலோரம் இடம் பிடித்தான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவ்வளவு ஆழ்ந்த மயக்கத்திலும் சொல்லுக்குக் கட்டுப்பட்டானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

போன மாதம் டீக்கடையில் அவனே சொன்னான். "அண்ணே, இனிமே முடியாது. பள்ளிக்கூடத்துல எம் பொண்ண 'பியாஜ்', 'பியாஜ்'னு கூப்பிடுதாங்களாம். வெங்காயத்தோட மகளாம். எல்லாம் நடிப்புன்னு யூடியூப்ல சொல்லிரப் போறேன்."

"நடிப்பா?"

"பின்ன? ஒரு நாளாவது நான் மயங்கியிருக்கேனா? நீங்க சொல்லுதீங்க, நான் செய்யுதேன். உங்களுக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன்."

எனக்குத் தெரியாது சார். அன்று டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். அந்த அளவுக்கு நிதானமாகவே இருந்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. பதினோரு வருடம் நான் ஒருவன்தான் மயங்கிக் கிடந்திருக்கிறேன் என்றால் யாருக்குத்தான் எரியாது?

படித்தவர்களிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. அது உண்மையிலேயே வேறொரு நிலை என்று ஒரு கட்சி. வெறும் ஒத்துழைப்பு என்று இன்னொரு கட்சி. சோதித்தால் தெரிந்துவிடும். நடிப்பவன் ஆபத்தைக் கண்டால் நின்றுவிடுவான். மயங்கியவன் நிற்க மாட்டான்.

சோதனை என்றால் ஏற்பாடு வேண்டும். சதுப்புக் காட்டை ஒட்டிய ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முதலைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகை அங்கே இருக்கிறது. இரண்டு வாரம் தினமும் சந்தையிலிருந்து கோழிக்கழிவு கொண்டுபோய் அதே இடத்தில், அதே நேரத்தில் போட்டேன். வாயில்லா ஜீவன் என்பார்கள், தின்ன வந்த முதலையில் வாயைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை.

"கடைசியா ஒரே ஒரு வீடியோ, அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். அவன் பலகையைப் பார்த்தான்.

"முதலை இருக்கும் போலுக்கே அண்ணே."

"நான் பாத்துக்கிடுதேன்டா."

'சோ ஜாவ்' என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். எதிரே புல்தரை, நடந்து போ என்றேன். போனான். கணுக்கால், முழங்கால், தொடை. எங்கும் நிற்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது சார், சந்தோஷத்தில்.

தண்ணீர் அசைந்ததை நான் முதலிலேயே பார்த்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நேரமும் இருந்தது. சொல்லவில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் நடிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் மயக்கத்தில்தான் இருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கண்ணைத் திறக்காமல், "அண்ணே, பஸ் சொல்லுங்க, பஸ் சொல்லுங்க" என்று மெதுவாகக் கேட்டானே, அதுவும் மயக்கத்தில் கேட்டதுதான்.