அறுபதாவது இடம்

பாண்டிலட்சுமி: ...அதுக்கில்ல பொன்மணி. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டு பாரம்னு கேக்கேன். பதினொண்ணுல கணக்கு, அது போதாதுன்னு உயிரியல். ரெண்டு வருசத்துல பிள்ள உருகிப் போயிரும்.

பொன்மணி: மொத காப்பியக் குடிங்கக்கா. ஆறிரும்.

பாண்டிலட்சுமி: காப்பி கெடக்கட்டும். உம் மவ ஆர்த்தி பத்தாவதுல நானூத்தி அறுவத்தி மூணு. நல்ல மார்க்குதான், இல்லங்கல. அதுக்காக பயோ மேக்ஸ்தான் எடுக்கணும்னு சட்டமா? காமர்ஸ் எடுத்தா நிம்மதியாப் படிப்பா.

பொன்மணி: உங்க மவன் செந்தூர்பாண்டி எம்புட்டு... அறுவத்தொண்ணா?

பாண்டிலட்சுமி: தெரியாத மாதிரி கேளு. ரெண்டு மார்க்கு. தமிழ்ல போச்சு.

பொன்மணி: அக்கா, உங்க வீட்டுக்காரர் போனு என்ன ஆச்சு...

பாண்டிலட்சுமி: அந்த மனுசன விடு. லாரி லோடு கூட பீகார் போயிருக்காரு. செவ்வாக்கெழமதான் வருவாரு. நான் சொல்ல வந்ததக் கேளு. அந்த குரூப்பு எடுத்தா அடுத்து நீட்டு. எழுதப் போற பிள்ளைக காதுத் தோட்டக்கூட கழத்தச் சொல்றாகளாம்.

பொன்மணி: கழத்திட்டுப் போறா.

பாண்டிலட்சுமி: லேப்பு வேற. கண்ட மருந்துலயும் கைய வைக்கணும்.

பொன்மணி: நம்ம வைக்காத மருந்தா? விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனில எட்டு வருசம் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்தோம். எத்தன சோப்பு போட்டாலும் கையில அந்த வெள்ளி நிறம் போகாது.

பாண்டிலட்சுமி: அப்பவும் சரம் பின்னுறதுல நீ என்னைய விட ரெண்டு கட்டு கூடத்தான் போடுவ.

பொன்மணி: அதையெல்லாமா எண்ணி வச்சிருக்கீக?

பாண்டிலட்சுமி: எண்ணாம? இப்ப பாரு, உம் மவளும் ரெண்டு.

பொன்மணி: அக்கா... நான் ஒண்ணு சொல்லணும்.

பாண்டிலட்சுமி: இரு, முடிச்சிர்றேன். அம்புட்டையும் படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்? சோடாபுட்டி கண்ணாடி மாட்டிரும். பெறகு மாப்பிள்ள தேடிப் பாரு, தெரியும்.

பொன்மணி: காப்பி ஆறிப் போச்சே, குடுங்க, சுட வச்சித் தாரேன்.

பாண்டிலட்சுமி: என்னமோ சொல்லணும்ன?

பொன்மணி: ஒண்ணுமில்ல. முறுக்கு எடுத்துக்கோங்க.

பாண்டிலட்சுமி: கோவமா?

பொன்மணி: இல்ல. எம் மவ கண்ணு மேல உங்களுக்கு இம்புட்டு அக்கறையான்னு பாத்தேன்.

பாண்டிலட்சுமி: குத்திக் காட்டுற.

பொன்மணி: உள்ளதச் சொல்லுங்கக்கா. பள்ளிக்கூடத்துல லிஸ்ட் ஒட்டிருக்காகளே... பாத்தீகளா?

பாண்டிலட்சுமி: பாத்தேன். முந்தாநாளு வரைக்கும் நாலு தடவ போய்ப் பாத்தேன். பயோ மேக்ஸுக்கு அறுவது பேருக்குத்தான் எடம். அறுவதாவது பேரு உம் மவ. அதுக்குக் கீழ ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ மொத பேரு எம் மவன்.

பொன்மணி: அப்ப ஆர்த்தி விலகிட்டா...

பாண்டிலட்சுமி: எம் மவன் ஏறிருவான். போதுமா? என் வாயாலயே வாங்கிட்ட. ஆமா, வயித்தெரிச்சல்தான். "எம் பிள்ள டாக்டரு"ன்னு தெரு பூராம் லட்டு குடுத்தீல்ல? எங்க வீட்டுக்கும் ரெண்டு வந்துச்சு. அவன் தொடல. நானும் தொடல. எறும்பு தின்னுட்டுப் போச்சு.

பொன்மணி: அக்கா... மொத கண்ணத் தொடைங்க.

பாண்டிலட்சுமி: மூணாங்கிளாசுல இருந்து அவனுக்கு இதே நெனப்பு. பெரிய பள்ளிக்கூடத்துல சேக்க எங்களால ஆகுமா? இத விட்டா அவனுக்கு வேற எடமில்ல. அதான் சும்மா வந்த மாதிரி வந்தேன். எனக்குக் கெஞ்சத் தெரியல பொன்மணி, பயமுறுத்திப் பாத்தேன்.

பொன்மணி: அவ அந்த எடத்த நேத்தே விட்டுட்டாக்கா.

பாண்டிலட்சுமி: என்னது?

பொன்மணி: எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவ அப்பாட்ட மட்டும் கையெழுத்து வாங்கிட்டுப் போய்க் குடுத்துட்டா. காமர்ஸாம். ஆடிட்டராகப் போறாளாம். லட்டு குடுத்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நான் யார்ட்டப் போய்ச் சொல்ல? அதான் மூச்சு விடல.

பாண்டிலட்சுமி: தாயி... அப்ப அந்த எடம் எம் மவனுக்குத்தான?

பொன்மணி: அவனுக்குத்தான். டீச்சர் உங்க வீட்டுக்காரர் நம்பருக்கு அடிச்சிருக்காக. எடுக்கலயாம். ஒரே தெருதான, சொல்லிருங்கன்னு எனக்கு அடிச்சாக. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நீங்களும் அவனும் வந்து கையெழுத்துப் போடணுமாம்.

பாண்டிலட்சுமி: இப்ப மணி என்ன?

பொன்மணி: பன்னெண்டே கால்.

பாண்டிலட்சுமி: ஆட்டோ பிடிச்சு ஓடினா... கால் மணி நேரந்தான, விட மாட்டாகளா?

பொன்மணி: அடுத்த பேரு கற்பகவல்லி மவ. அவுக காலைல இருந்து ஆபீஸ் வாசல்லயே நின்னாகளாம். சேத்தாச்சுன்னு கிளாஸ் வாட்ஸாப்புல போட்டுட்டாக. நீங்க கண்ணீரத் தொடச்சிக்கிட்டு இருந்தப்பதான் வந்துச்சு.

பாண்டிலட்சுமி: நான் வந்து முக்கா மணி நேரமாச்சு. முக்கா மணி நேரம் பொன்மணி. அம்புட்டு நேரமும் எனக்குக் காப்பியும் முறுக்கும் எடுத்து வச்சிட்டு... ஏன் சொல்லல? கண்ணாடி, மாப்பிள்ளன்னு வாய் விட்டேனே... அதுக்கா?

பொன்மணி: அதுக்கில்லக்கா. போன் எட்டரைக்கே வந்துருச்சு. ஒடனே உங்க வாசல் வரைக்கும் வந்தேன். செந்தூரு யார்ட்டயோ வாங்கின பதினொண்ணாங்கிளாசு புஸ்தகத்த வச்சுச் சத்தமாப் படிச்சிட்டு இருந்தான்... எம் மவ ஆகல, இவன் டாக்டராயிருவான்னு தோணுச்சு. திரும்பி வந்துட்டேன்.