அட்டைப்படத்துக்குத் தைத்த சட்டை

ரயிலில் ஜெர்மன் நாளிதழை விரித்துப் பிடித்தால் நான் தமிழன் என்று எவருக்கும் தெரியாது என நம்பும் மடையன் நான். அன்று எதிரே அக்காவும் தங்கையும் வந்து அமர்ந்தார்கள்.

“அக்கா, என்ர அட்டைப்படம் வராது. குண்டுப் பொம்பிளையளின்ர மகசினை மூடிப்போட்டினம்.”

“ஐயோ! ஊன்ட்றொப் அம்மன் கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டனே! முந்தி சனம் அடிபட்டு வாங்கினதெல்லோ?”

“வாங்கினவை எல்லாரும் இப்ப ஊசி போட்டு மெலிஞ்சிட்டினமாம்.”

“அப்ப படத்துக்கெண்டு தைச்ச சீலைச் சட்டை?”

“தேருக்குப் போடுறன். மகசின் பாக்கிறவையை விட அங்க சனம் கூட.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“கவலைப்படாதேங்கோ தங்கச்சி, நீங்கள் அவ்வளவு குண்டில்லை” என்றேன்.

“குண்டுதான், அண்ணை. அதுக்கென்ன?”