நாற்பத்தொரு வட்டம்

அக்கா: இதோட எத்தனை?

மேஸ்திரி: முப்பத்தெட்டு. அந்தப் பக்கம் இன்னும் தட்டவே இல்ல டாக்டரம்மா.

தங்கை: போதும் மேஸ்திரி. படகுல இடம் பாக்கி இருக்கணும்ல.

மேஸ்திரி: நான் என்னம்மா பண்ண? சுத்தியல் சொல்லுது, நான் சாக்பீஸால வட்டம் போடுறேன். இங்க வாங்க, காதைக் கிட்ட வச்சுக் கேளுங்க. இது நல்ல இடம்... டக், டக். இப்ப இங்க...

அக்கா: தொப்புனு கேக்குது.

மேஸ்திரி: உள்ள தண்ணி எறங்கியிருக்கு. ஃபைபர் ஊறிப்போச்சு. வெளிய பாத்தா பெயிண்ட் பளபளன்னு நிக்குது. வாங்கி எத்தனை நாளாச்சு?

தங்கை: பன்னெண்டு நாள்.

மேஸ்திரி: வாங்குறதுக்கு முன்னாடி கரையில ஏத்திப் பாக்கலையா?

தங்கை: அது வந்து... தண்ணியில நின்னப்ப ரொம்ப அழகா இருந்துச்சு.

மேஸ்திரி: எல்லாப் படகும் தண்ணியில அழகாத்தான் இருக்கும்.

அக்கா: வித்தவர் பாயை விரிச்சுக் காட்டினார். அவ்வளவுதான், இவ வாயைத் தெறந்தவ மூடல. "அக்கா, பாதி நீ போடு, பாதி நான் போடுறேன்"னா. நானும் மண்டையை ஆட்டிட்டேன்.

மேஸ்திரி: ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியுமா?

தங்கை: நான் ஒரு வாரம் போய்க் கத்துக்கிட்டேன்.

அக்கா: அதுல மூணு நாள் மழை.

தங்கை: மழையிலதான் பாடமே நடந்துச்சு. ஒரு கயிறை அவுத்துட்டு எந்தக் கயிறுன்னு தேடினேன் பாரு...

மேஸ்திரி: முப்பத்தொம்பது... நாப்பது... கொஞ்சம் நகருங்கம்மா... நாப்பத்தொண்ணு. முடிஞ்சுது.

அக்கா: அவ்வளவுதானா?

மேஸ்திரி: வட்டம் அவ்வளவுதான். அடியில இரும்புப் பாரம் தொங்குது பாருங்க, அதைப் பிடிச்சிருக்கிற போல்ட்டுல நாலு துருப்பிடிச்சிருக்கு. அதையும் மாத்தணும்.

தங்கை: எவ்வளவு ஆகும்... மொத்தமா?

மேஸ்திரி: உக்காந்துக்கிறீங்களா?

தங்கை: நின்னுட்டே கேக்குறேன்.

மேஸ்திரி: என்ன வெலைக்கு வாங்கினீங்களோ, அதுக்கு ஒண்ணரை மடங்கு.

தங்கை: ...அந்த ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளுங்க.

மேஸ்திரி: மனசுல பட்டதைச் சொல்றேன். பாய்மரம், பாய், கயிறு எல்லாம் நல்லா இருக்கு. தனித்தனியா வித்தா கொஞ்சம் காசு தேறும். படகை ஒடைச்சுப் போட்டுடலாம்.

அக்கா: ஒடைக்கிறதா? ஒரு நிமிஷம். ஒரு வட்டத்தைச் சரி பண்ண என்ன செய்வீங்க? ஒரே ஒரு வட்டம்.

மேஸ்திரி: ஊறின இடத்தைக் கிரைண்டரால சொரண்டி எடுக்கணும். நல்ல இடம் தெரியுற வரைக்கும்.

அக்கா: அப்புறம்?

மேஸ்திரி: காய விடணும். சொட்டு ஈரம் இருந்தாலும் மறுபடி வந்துடும்.

அக்கா: அப்புறம் அடுக்கடுக்கா வச்சு அடைக்கணும். இறுகினதும் தேச்சு, பக்கத்துல இருக்கிறதோட சமமாக்கி, மெருகு ஏத்தணும்.

மேஸ்திரி: ஃபைபர் துணி, ரெசின் பசை, திரும்பத் துணி, பசை... உங்களுக்கு எப்படித் தெரியும்?

அக்கா: ஏய், கேட்டியா? சொத்தைப் பல்லுடி இது. நாப்பத்தொரு சொத்தை. இருபது வருஷம் நான் வேற என்ன பண்ணினேன்?

மேஸ்திரி: நீங்க... பல் டாக்டரா?

அக்கா: ஆமா. ஏன் ரெண்டு அடி பின்னால போறீங்க?

மேஸ்திரி: சும்மாதான்.

தங்கை: காலையிலேருந்து டீயை ஒரு பக்கமாவே குடிக்கிறீங்களே மேஸ்திரி, நானே பாத்தேன்.

மேஸ்திரி: அது பழக்கம்மா.

அக்கா: வலது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தினது. கன்னம் லேசா வீங்கியிருக்கு. எத்தனை மாசமா?

மேஸ்திரி: ...நாலு. பயமா இருக்கு டாக்டரம்மா. மூணாளு ஒசரத்துப் பாய்மரத்துல ஏறிடுவேன், அந்த நாக்காலியில ஏற மாட்டேன்.

தங்கை: அப்ப ஒரு பேச்சு. வட்டமெல்லாம் நாங்களே சொரண்டி அடைக்கிறோம். போல்ட்டு வேலைக்குக் கூலி வாங்கிக்கோங்க. எடத்துக்கும் கிரைண்டருக்கும் வாடகையா அக்கா உங்க பல்லைப் பாத்துருவா.

அக்கா: நீ பாட்டுக்கு வாக்கு குடுக்காத. கிளினிக் பூட்டிக் கெடக்கு.

மேஸ்திரி: ஏம்மா?

தங்கை: போன வருஷம் படியில விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சுடுச்சு. கூடி, சரியாகி பத்து மாசம் ஆச்சு. இவதான்...

அக்கா: கை ஆடுது.

தங்கை: ஆடல. ஆடுமோன்னு பயப்படுற.

அக்கா: அடுத்தவங்க வாயில வைக்கிற கைடி. ஒரு நூல் பிசகினாலும் போச்சு.

மேஸ்திரி: படகுக்கு வலிக்காதும்மா. பிசகினா இன்னொரு அடுக்கு வச்சுக்கலாம். இந்தாங்க, கண்ணாடி. முகமூடி. கிரைண்டரை ரெண்டு கையாலயும் பிடிங்க. இந்தச் சின்ன வட்டத்துல ஆரம்பிங்க.

அக்கா: இப்பவேவா?

தங்கை: போடு அக்கா, போடு. நான் பிடிச்சுக்கவா?

அக்கா: தள்ளிப் போ. தூசி பறக்கும்.

மேஸ்திரி: மெதுவா... அழுத்தாதீங்க... சாய்ச்சுப் பிடிச்சு...

அக்கா: தெரியும்.

மேஸ்திரி: சரி சரி.

தங்கை: அக்கா, தூசியில நீயே தெரியல.

மேஸ்திரி: ஓரம் பாருங்கம்மா, எவ்வளவு ஒழுங்கா வந்திருக்கு. எங்க ஆளுங்க இப்படி எடுத்ததில்ல. நிறுத்துங்க டாக்டரம்மா, நல்ல இடம் வந்தாச்சு.

அக்கா: இல்ல. இந்த ஓரத்துல இன்னும் ஒரு துளி இருக்கு. பழுப்பா தெரியுது பாருங்க... ம். இப்ப வந்தாச்சு.

தங்கை: அக்கா, உன் கையைப் பாரு.

அக்கா: எதுக்கு?

தங்கை: சும்மா பாரு.

மேஸ்திரி: பாறை மாதிரி அசையாம இருக்கு.

அக்கா: சரி, என்ன மூஞ்சியையே பாத்துக்கிட்டு? அடுத்த வட்டம் எங்க? மேஸ்திரி, அந்தப் பெருசை எடுக்கலாமா? இந்தத் தகடு தேஞ்சுடுச்சு, புதுசு ஒண்ணு குடுங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கிளினிக்குக்கு வாங்க. பூட்டைத் தொறந்து வைக்கிறேன்.

மேஸ்திரி: நாளைக்கேவா? அடுத்த வாரம்னா...

அக்கா: அஞ்சு மணி.

மேஸ்திரி: ...தகடு எடுத்துட்டு வரேன்.

தங்கை: ஓடுறார் பாரு. அக்கா... அவர் வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். திட்டாத.

அக்கா: சொல்லு.

தங்கை: திட்ட மாட்டேன்னு சொல்லு.

அக்கா: கையில கிரைண்டர் இருக்கு. சீக்கிரம் சொல்லு.

தங்கை: கரையில ஏத்திப் பாத்தேன். உனக்குத் தெரியாம. வாங்குறதுக்கு ஒரு வாரம் முன்னாடி. அடியெல்லாம் ஊறிக் கெடக்குன்னு சோதிச்சவர் எழுதியே குடுத்துட்டார். அதே வெலையில இன்னொண்ணு இருந்துச்சு, கொஞ்சம் சின்னது, ஒரு கீறல் கெடையாது... வேணும்னேதான் இதைக் காட்டினேன். உன் கைக்கு ஏதாவது வேலை வேணும்னு. ஆனா நாப்பத்தொண்ணுன்னு சத்தியமா நெனைக்கல.

அக்கா: நான் ஒரு இருபது இருக்கும்னு நெனைச்சேன்.

தங்கை: என்னது?

அக்கா: வித்தவர் நேர்மையான மனுஷன்டி. பணம் கை மாறுறதுக்கு முந்தின நாள் எனக்குப் போன் பண்ணார். "உங்க தங்கச்சிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், நீங்களும் தெரிஞ்சுக்கோங்க"ன்னார்.

தங்கை: தெரிஞ்சுமா கையெழுத்து போட்டே? ஏன்?

அக்கா: நல்ல படகுன்னா ரெண்டு தடவை கடல்ல சுத்திட்டு நீ உன் ஊருக்கு ரயிலேறிடுவ, அப்புறம் உன்னை எப்பப் பாக்குறது... இதை முடிக்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும்னு அவர் சொன்னார், உடனே பேனாவை எடுத்துட்டேன்.