‘அறிவேன்’ என்ற பிழையைத் திருத்தாதவருக்கு

கொட்டாஞ்சேனை ஒலிவமரம் அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஒப்புநோக்காளராய் அமர்ந்து, பிறர் எழுத்தின் பிழை களைந்து, பிறர் பெயருக்குப் பெருமை சேர்த்து, தம் பெயரை ஓரிடத்திலும் அச்சேற்றாமல் இன்று ஓய்வு பெறும் அன்புக்குரிய பெனடிக்ற் மனுவேற்பிள்ளை அண்ணனுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

அண்ணலே! அருந்தமிழ்க் காவலரே! அஞ்சும் நெஞ்சரே!

‘அஞ்சா நெஞ்சரே’ என்றுதான் எழுதியிருந்தோம். புரூவ் பார்க்க வேறு ஆள் இல்லாததால் இந்த மடலையும் அண்ணனிடமே கொடுக்க நேர்ந்தது. சிவப்புப் பேனையால் ‘அஞ்சா’வை வெட்டி ‘அஞ்சும்’ என்று எழுதினார். ‘தாங்கள்’ என்று வந்த இடமெல்லாம் ‘அவர்’ ஆக்கினார். “முகத்துக்கு நேரே புகழ்ந்தால் இருந்து கேட்க ஏலாது. செத்தவனைப் பற்றி வாசிக்கிற மாதிரி வாசியுங்கோ” என்றார். பிறகு ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘2007ஐ விட்டுவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டாம்.’

ஆகவே 2007.

அப்போது அவரும் அச்சு இயந்திரம் ஓட்டும் நமசிவாயமும் வெள்ளவத்தையிலிருந்து ஒரே பஸ்ஸில் வேலைக்கு வருவார்கள். பெரிய வெள்ளிக்குப் பதினொரு நாள் முன்பு, காலி வீதிச் சோதனைச் சாவடியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். கொழும்பில் தங்கும் தமிழர் அப்போது கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு நமசிவாயத்திடம் இல்லை. இவரைத் தெரியுமா என்று பக்கத்தில் நின்ற அண்ணனிடம் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அண்ணன் நமசிவாயத்தின் செருப்பைப் பார்த்தார்.

“அந்துரன்னே நே, மாத்தயா.”

தெரியாது என்றார். ஏழு வருடம் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்ற மனிதரை. நமசிவாயத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். பஸ் கிளம்பியது. அண்ணனுக்கு யன்னலோர இருக்கை கிடைத்தது. அது நமசிவாயம் இருந்து வந்த இருக்கை.

அச்சகத்தில் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மேசையில் பெரிய வெள்ளிக்கான, இயேசுவின் பாடுகளின் வாசக நூல் காத்திருந்தது. பேதுரு ஆண்டவரை மறுதலிக்கும் பக்கத்தில், ‘அவரை நான் அறியேன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், தட்டச்சு செய்தவர் ‘அறிவேன்’ என்று அடித்திருந்தார். யகரம் வகரமாகியிருந்தது, அவ்வளவுதான். பேனை அந்த எழுத்தின் மேல் நின்றது. தேநீர் ஆறியது. திருத்தாமலே கையெழுத்திட்டு அனுப்பினார்.

பெரிய வெள்ளியன்று கோயிலில் பேதுருவின் பகுதியை வாசித்தவர் அச்சில் கண்டதை அப்படியே வாசித்தார். ‘அவரை நான் அறிவேன்.’ பின்வரிசையில் இருந்த அண்ணன் எழும்பினார். சிலுவையை முத்தமிடக் காத்திராமல் வெளியே இறங்கி, பொலிஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். வழியில் இரண்டு தடவை திரும்பினார். ஒரு தடவை வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் ஏறி இறங்கினார். இதையெல்லாம் சேர்க்கச் சொன்னவர் அவரே.

தெரியாது என்றது பொய், அவர் என்னோடு வேலை செய்கிறவர் என்று அங்கே சொன்னார். அவரையும் உள்ளே வைத்தார்கள். பதினொரு நாள் தாடியோடு நமசிவாயம் நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு பிந்தி வாறீர், ஒரு வாழைப்பழமாவது கொண்டு வந்திருக்கலாம் காணும்.”

“பயமாயிருந்தது.”

“இப்ப?”

“இப்பவும்தான்.”

“அப்ப கிட்ட வந்து இரும். எனக்கும் பயம்தான்.”

மூன்றாம் நாள் அச்சக முகாமையாளர், இருவரும் தம் ஊழியர் என்ற கடிதத்தோடு வந்து இருவரையும் கூட்டிப் போனார்.

விற்காமல் கிடந்த எண்ணூறு பிரதிகளிலும் திருத்தத் துண்டு ஒட்டத் தாமே உட்கார்ந்தார் அண்ணன். நூல் கட்டும் நப்ரீஸ் கேட்டார்: “ஏன் அண்ணே, அறிவேன் எண்டு சொல்றது நல்லதுதானே? அப்படியே விட்டா என்ன?”

“அந்த மனுசன் அறியேன் எண்டுதான் சொன்னவர். சொன்ன பிறகும் பின்னால போனவர். அதை மறைக்கப்படாது. ஒட்டும்.”

அதன் பிறகு அவர் வீரராகிவிடவில்லை. சாவடிகள் போய் எத்தனையோ காலமாகியும், அந்த இடத்தில் பஸ் மெதுவானால் அவர் கை பையை இறுக்கும். ஆனால் 2019இல், ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பு முழுக்க ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்களில், வீதியில் பொலிஸார் நப்ரீஸை மறித்து, கூட வந்த அண்ணனிடம் இவரைத் தெரியுமா என்று கேட்டபோது, கேள்வி முடியுமுன்பே தெரியும் என்றார். இன்னொரு தடவையும் சொன்னார்.

களைத்த அந்தக் கண்களுக்கு இனி ஓய்வு கிடைக்கட்டும். முழங்கால் வலி தணியட்டும். வீட்டுக்கு வரும் கலியாண அழைப்பிதழிலுள்ள பிழைகளையாவது அவர் பார்த்தும் பாராமல் விடட்டும். பயம் போகாவிட்டாலும், பயத்தோடு நடக்கத் துணை இருக்கட்டும். நெடுநாள் நலமாய் வாழட்டும்.

சுவரில் இந்த மடலைக் கண்டு, இந்த மனிதரை உங்களுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டால், எங்கள் பதில் ஒரே சொல். புரூவில் அவர் அதைத் தொடவில்லை.

அறிவோம்.

இங்ஙனம்,
ஒலிவமரம் அச்சக ஊழியர்கள்
அவர்கள் சார்பில் எழுதி வாசிப்பவர்:
க. நமசிவாயம், அச்சு இயந்திரப் பகுதி