பரசுராமனுக்குப் பெண் அமையாத காரணம்

தனியாக உட்கார்ந்து குடித்தால் எனக்குக் காபி இறங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. வாடகை மிச்சம் பிடிக்கத்தான் ஒரே வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பார்கள். சமையலுக்கு, நோய்நொடிக்கு என்றும் சொல்வார்கள். நான் ஆள் சேர்த்துக்கொண்டது பேசுவதற்கு. பகலெல்லாம் ஜவுளிக்கடையில் பேசுகிறேன். அது வேட்டி, புடவைப் பேச்சு. சொந்தப் பேச்சை வீட்டில்தானே பேச வேண்டும்?

முதலில் மோசஸ் என்ற கம்பவுண்டர் இருந்தார். ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டார். "நைனா, ஜன்னி வந்தவன்கூட மூச்சு வாங்க நிறுத்துவான். நீ நிறுத்த மாட்டேன்ற," என்றார்.

ஆந்திரா பிரிந்த வருஷம் பரசுராமன் வந்தான். திருவள்ளூர் ரயில்வே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். தாய் தகப்பன் இல்லை. என் மாமாவின் மூல வியாதியைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன்; அவன் எழுந்து போகவில்லை. அப்படிப்பட்ட மனிதனைக் கல்யாணம் என்ற பெயரில் யாரோ கொண்டுபோவதை நீங்கள் சும்மா பார்ப்பீர்களா?

வேப்பம்பட்டிலிருந்து பெண் வீட்டார் விசாரிக்க வந்தார்கள். தங்கமான பையன் என்றேன். அமாவாசைக்கு அமாவாசை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வான், யாராவது இறக்கிவிட்டால் போதும் என்றேன். அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்து கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவர்களிடம், பழவேற்காட்டில் இருக்கும் முதல் சம்சாரம் சண்டைக்கெல்லாம் வரமாட்டாள் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது இடத்தைப் பரசுராமன் என்னிடம் சொல்லவே இல்லை. கல்யாணத்தன்று காலையில் புதுச் சட்டையை எடுத்து வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"கோச்சிக்காத அண்ணாத்தே. உனுக்கு ராசி இல்லன்னு ஸ்டேஷன்ல சொன்னாங்கோ, அதான் சொல்லல. முடிஞ்சதும் பொண்டாட்டிய இட்டாந்து உன் கால்ல உழ வைக்கிறேன்."

அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை, பாருங்கள். அது என் மனசைத் தொட்டது. அவன் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போனதும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். முகூர்த்தம் தப்பும்வரைதான். உள்ளே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்து அரிசி மில் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் கத்தியது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தொந்தரவாக இல்லை.

மாப்பிள்ளையை அழைக்க ஜட்கா வந்து நின்றது. பெண் வீட்டாரைக் காக்கவைப்பது மரியாதை இல்லையே, நானே திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனேன். ஜவுளிக்கடைக்காரன் பழசைப் போட்டுக்கொண்டு போக முடியாது; அவனுடைய புதுச் சட்டை எனக்கு அளவாக இருந்தது. பெண்ணின் அப்பா குப்புராஜிடம், மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சட்டையைப் பார்த்தார்.

"நீ நம்ம ஜனந்தானே நைனா? உனுக்குக் கல்யாணம் ஆய்டுச்சா?"

அழுகிற மனிதரிடம் எப்படி மறுப்பது? தாலியைக் கட்டினேன். பெண் அஞ்சம்மாள் குனிந்த தலை நிமிரவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்வாள் என்று தோன்றியது.

ஜட்காவில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளிடம் மாமாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மில் நின்றிருந்தது.

"கொஞ்சம் சும்மா கீறியா? பின்னால யாரோ கத்தினு கீறாங்க," என்று அவள் கொல்லைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

இடுப்பில் துண்டோடு நின்ற பரசுராமன், "நாந்தாம்மா மாப்ள," என்றான். அவள் அவனைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், நேரே உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம். பொய் சொன்னது நான், அடைத்தது நான், அவனுக்குப் பேசிய பெண்ணுக்குத் தாலி கட்டியதும் நான். அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முன் அறையை ஒழித்துத் தருகிறேன், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று பரசுராமனிடம் சொன்னேன். அழுதுவிட்டான். சந்தோஷமாகத்தான் இருக்கும்.

லாக்கப்பில் போடுவதானால் போடுங்கள் ஐயா. உள்ளே ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாரே, இவ்வளவு நேரம் நான் பேசியும் அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் சொல்லுங்கள்.