இன்ஜெக்டருக்கு மூன்று கை வேண்டும்

மனித குல வரலாற்றில் இதுவரை எந்த ஆய்வாளரும் பதிவு செய்யத் துணியாத ஒரு மாபெரும் நிகழ்வு, இந்த ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில், போர்வைகளுக்குள் வீற்றிருக்கும் இச்சபையின் முன் முதன்முறையாக வைக்கப்படுகிறது. அதாவது: ஒருவர் தம் வீட்டிலேயே, தம் கையாலேயே, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்தார்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுவது நல்லது. பின்னால் நேரம் கிடைக்காது. அந்த ஜன்னலை மட்டும் யாராவது சாத்துங்கள்... ஆங். போதும்.

நடந்தது நம் கணக்குப் பிரிவு நண்பருடைய சொந்தச் சித்தப்பாவுக்கு. சந்தேகம் இருந்தால் நாளைக்குப் பகலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம். இப்போது வேண்டாம். எடுப்பது அவராகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரவு பத்தரை மணி. ஒரு கிடங்கின் பின்சுவரை ஒட்டிப் போகிற தெரு. பகலில் லாரி போகும். இருட்டினால் நாய்கூடப் போகாது. தெருவிளக்குகளில் ஒன்றுதான் எரியும், அதுவும் மனசு வந்தால். தெருவின் கடைசி வீட்டில், கார் நிறுத்தவென்று கட்டி, கார் மட்டும் வாங்காமலே போன ஷெட்டில், ஒரு குழல்விளக்கு. அதற்குக் கீழே, சீஃப்.

சீஃப் என்பது அவருக்கு யாரும் கொடுத்த பதவி இல்லை. பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தார். மூடி சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது வேலை. அதை அவர் சொல்கிற விதத்தில் கேட்டால், உலகம் கசியாமல் இருப்பதே அவரால்தான் என்று தோன்றும். ஓய்வு பெற்ற பிறகு பழைய வண்டிகளைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார். ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற ரப்பர் கையுறை, நெற்றியில் விளக்கு. ஸ்பேனரைக் கேட்டால்கூட உள்ளங்கையை நீட்டித்தான் கேட்பார்.

அந்த உள்ளங்கையில் ஸ்பேனரை வைப்பது சித்தி. அவர் மனைவி.

இங்கே ஒரு தொழில்நுட்ப விளக்கம். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான். இன்ஜெக்டர் என்பது சுண்டுவிரல் நீளச் சாமான். பெட்ரோலைப் பனி மாதிரி இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற மூக்கு. வண்டி வருஷக்கணக்கில் சும்மா நின்றால் பெட்ரோல் பிசினாகி அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் பனி வராது. சளி பிடித்த மூக்கு மாதிரி சொட்டும். சுத்தம் செய்ய ஒரு சிரிஞ்சில் க்ளீனர் திரவத்தை ஏற்றி, ரப்பர் குழாய் வழியாக இன்ஜெக்டரின் பின்பக்கம் கொடுத்து அழுத்த வேண்டும். அழுத்துகிற அதே நேரத்தில் ஒரு சின்ன பேட்டரியின் வயரை அதன் முனையில் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். தொட்டால் உள்ளே வால்வு திறக்கும். டிக். எடுத்தால் மூடும். டிக். ஆக, இன்ஜெக்டரைப் பாட்டிலுக்குள் பிடிக்க ஒரு கை, வயரைத் தொட ஒரு கை, சிரிஞ்சை அழுத்த ஒரு கை. மனிதனுக்குப் பிறக்கும்போது கிடைப்பது இரண்டு. மூன்றாவதை சீஃபுக்குக் கல்யாணத்தில் கொடுத்திருந்தார்கள்.

பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப் போட்டிருக்கலாமே என்று அந்த மூலையிலிருந்து கேட்கிறீர்கள். போட்டிருக்கலாம். கிளாம்பைத் திட்ட முடியாதே.

சித்தி துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சீஃப் எப்போதும் கூப்பிடுவார். சித்தி ஈரக் கையோடு வருவார், சோப்பு வாசனையோடு. ‘கையத் துடைச்சுட்டு வரக்கூடாதா? தண்ணி பட்டா எல்லாம் போச்சு’ என்று முதல் திட்டு. சீஃப் ‘ம்’ என்று சொல்வதற்கு முன்பே சித்தி அழுத்திவிடுவார். அதற்கு இரண்டாவது திட்டு. ‘நீங்க ம்-னு சொல்றதுக்குள்ள விடிஞ்சிடும்ங்க’ என்பார் சித்தி. அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. இப்படியே இரண்டு வண்டி முடிந்து, தெருவில் ஓடி, விற்றும் போனது.

மூன்றாவது வண்டி பாதியில் இருக்கும்போது சித்தி போய்விட்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு சட்டையைக் கையில் வைத்தபடி கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

சீஃப் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றால், இன்ஜினை ஏற்றியாகிவிட்டது, இனி ஃபியூயல் பக்கம்தான் பாக்கி என்பார். கல் நெஞ்சு என்று சிலர் பேசிக்கொண்டார்கள். கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே... இருக்கிறது என்று தெரியும், தொட்டால் தெரியாது. ஆள் முழுக்க அப்படி. மருமகன் ஒரு நாள் சுடச்சுடக் காபி கொடுத்தார். மனிதர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

மகள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். வீட்டை வாடகைக்கு விடுவது, அப்பா தன்னோடு வந்துவிடுவது. சீஃப் மறுக்கவில்லை. ‘வண்டி ஓடட்டும். அதுலயே வந்துடறேன்’ என்றார். வண்டியில் மற்றதெல்லாம் முடிந்திருந்தது. நான்கு இன்ஜெக்டர்கள் மட்டும் பாக்கி.

அந்தப் பத்தரை மணிக்கு உட்கார்ந்தது அதற்குத்தான்.

இடது கையில் இன்ஜெக்டர், பாட்டிலுக்குள். வலது கையில் வயர். சிரிஞ்ச் மேஜை மேல் படுக்கையாக, குழாய் மாட்டி. முழங்கையால் அழுத்திப் பார்த்தார். உருண்டது. முகவாயால் அழுத்திப் பார்த்தார். க்ளீனர் நெடி மூக்கில் ஏறி இருமல் வந்ததுதான் மிச்சம். சலித்துப்போய், கண்ணைப் பாட்டிலிலிருந்து எடுக்காமல், பழக்கதோஷத்தில்...

‘ம்’ என்றார். ‘அழுத்து.’

டிக். டிக். டிக்.

பாட்டிலுக்குள் பனி இறங்கியது. கூம்பு மாதிரி, சீராக, அழகாக. சீஃப் தலையாட்டினார். ‘போதும்’ என்றார். நின்றது.

இன்ஜெக்டரைத் துடைத்து வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போதுதான், தன் இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்று யோசித்தார். சிரிஞ்சைப் பார்த்தார். காலி. அழுத்துகிற தண்டு கடைசி வரை உள்ளே போயிருந்தது. எடுத்துப் பார்த்தார்... ஈரம். க்ளீனர் இல்லை, க்ளீனர் உடனே காய்ந்துவிடும். தண்ணீர். முகர்ந்தார். துணி சோப்பு.

நீங்களோ நானோ என்றால் மதில் ஏறிக் குதித்திருப்போம். சீஃப் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். ஆர்டர் போட்ட சாமான் வந்து சேர்ந்துவிட்டது என்கிற மாதிரிதான் எடுத்துக்கொண்டார். நன்றாகத் தூங்கவும் செய்தார். பல வாரங்களுக்குப் பிறகு.

அடுத்த இரவு இரண்டாவது. அதற்கடுத்து மூன்றாவது. ஒரு தடவை அவர் ‘ம்’ சொல்வதற்கு முன்பே சிரிஞ்ச் நகர்ந்தது. ‘சொல்லிட்டுத்தானே அழுத்தணும்?’ என்றார், அதே பழைய குரலில். மேஜை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மேலே பார்த்தார். கூரை காய்ந்து கிடந்தது.

நான்காவது இன்ஜெக்டரைக் கையில் எடுத்தபோது கணக்கு உறைத்தது. இதுவும் முடிந்தால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் மகள் வீடு. அங்கே ஷெட் இல்லை, சிரிஞ்ச் இல்லை, வருவதற்கு யாருக்கும் காரணம் இல்லை.

வாழ்நாள் முழுவதும் கசிகிற மூடியை ஒதுக்கித் தள்ளிய தர ஆய்வாளர் அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். டேங்கிலிருந்து வடித்து வைத்திருந்த பழைய பெட்ரோல், பிசின் பிடித்து, வார்னிஷ் நாற்றம் அடிக்கிற பெட்ரோல், ஒரு டப்பாவில் இருந்தது. சுத்தமான இன்ஜெக்டர்களை எல்லாம் எடுத்து அதற்குள் போட்டு மூடினார். மறுநாள் எடுத்து, மறுபடி ஆரம்பித்தார்.

இப்படியே எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. மகள் போன் செய்தால், நாலாவது இன்னும் சொட்டுகிறது என்பார். அடுத்த முறை, இரண்டாவது சொட்டுகிறது. மருமகன் போனை வாங்கி, கடையில் மெஷின் இருக்கிறது, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள் மாமா என்றார். கடைக்காரனுக்குத் தரம் என்றால் என்ன தெரியும் என்று சீஃப் ஒரு பிரசங்கம் செய்தார். குரல் கம்பீரமாக இருந்தது. மகளை ஏமாற்றலாம். ஆனால் சிரிஞ்ச் வர வர வேகமாக நகர ஆரம்பித்திருந்தது. அழுத்துகிற கையில் பொறுமை போய்விட்டது என்று அவருக்குப் புரிந்தது. எதற்கு என்றுதான் புரியவில்லை.

‘ஏதாவது வேணுமா உனக்கு?’ என்று ஒரு இரவு கேட்டார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி.

மறுநாள் காலையில் டப்பா காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மேஜையில் ஒரு துணி விரித்து, நான்கு இன்ஜெக்டர்களும் வரிசையாக, பளபளவென்று. ரப்பர் வளையம்கூட மாற்றியிருந்தது.

உதவி செய்கிறாள் என்று நினைத்தார் சீஃப். மறுபடி பழைய பெட்ரோலைத் தேடினார். தரையில் ஊற்றிக் கழுவியிருந்தது. ஒரு துளி மிச்சமில்லை. அடுத்த காலையில் நான்கும் வண்டியில் ஏறியிருந்தன. போல்ட்டுகள் முறுக்கியிருந்தன. முறுக்கிய போல்ட்டைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. அவ்வளவு அழுத்தம்.

அதற்கு அடுத்த காலையில் சத்தம் கேட்டுத்தான் விழித்தார்.

இன்ஜின். சீராக, மெதுவாக... அறையில் யாரோ தூங்குகிற மாதிரி ஒரு மூச்சு. வெளியே வந்து பார்த்தால், கேட் திறந்து கிடந்தது. வண்டி தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. டேங்க் மேல் அவருடைய பெட்டி, கயிறு போட்டுக் கட்டி. உள்ளே சட்டைகள், மடித்து. ஒவ்வொரு சட்டையும் லேசாக ஈரம்.

பின் சீட் மட்டும் காலியாக இருந்தது. துடைத்து.

அப்போதுதான் சீஃபுக்கு, கன்னத்தில் மரமரப்பு விடுகிற மாதிரி, எங்கேயோ சுருக்கென்றது. அவளும் சேர்ந்து வருவதற்குத்தான் இத்தனை அவசரம் என்று நினைத்தார். குளித்தார். முகச்சவரம் செய்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். கதவைச் சாத்தி, பூட்டு எடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் யாராவது ஏறினால் வண்டி லேசாக இறங்குமே... அதற்காகக் காத்திருந்தார்.

‘ஏறு’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘மெதுவாத்தான் ஓட்டுவேன்’ என்றார்.

இறங்கவில்லை.

பின்னால், வீட்டுக் கதவில், உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்தது. மேல் தாழ்ப்பாள். அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள்.

அப்புறம் ஃபேன் சுவிட்ச் போடுகிற சத்தம். ஃபேன் சுற்றுகிற சத்தம். மெயினை அணைத்த வீட்டுக்குள். நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டு, ஃபேனுக்கு நேர் கீழே வந்து நின்றது. யாரோ உட்கார்ந்தார்கள். காலை நீட்டினார்கள்... கொலுசுச் சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு பெருமூச்சு மட்டும். நீளமாக. இனிமேல் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தவர் விடுகிற மூச்சு.

சீஃப் வண்டியைக் கிளப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. ‘அம்மா எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாம்ப்பா ஆசைன்னு சொல்லியிருக்காங்க’ என்றாள். ‘ஒரே ஒரு நாளாவது அந்த வீட்ல தனியா இருக்கணும்னு.’

வாடகைக்குப் பார்க்கப் போனவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. வாசலோடு திரும்பினார்கள். பூட்டு இல்லாத கதவு, தள்ளினால் திறக்காது. உள்ளே ஆள் இருக்கிற வீட்டை எதற்குக் காட்டுகிறீர்கள் என்று தரகரிடம் சண்டை.

சீஃப் அழுதாரா என்று கேட்கிறீர்கள். தெரியாது. கேட்டதற்கு, வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறது என்றார்.