ஜாய்ஸ் ஓட்டிய கறுப்பு ஸ்லைடு

— ஏட்டி ஜாய்ஸ், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? திரை கறுப்பாக் கெடக்கு.

— நல்லாத்தான் இருக்குப்பா. இது டெர்மினல், எழுத்து மட்டும் ஓடுத திரை. இதுலயும் ஸ்லைடு ஓடும். என்டர் தட்டுதேன், பாருங்க.

— வெறும் எழுத்துல்லா வருது. நம்ம ஜவுளிக்கடைக்கு வந்த இன்சூரன்ஸ்காரன் போட்டான் பாரு, ரோசாப்பூ, சூரியன், எழுத்தெல்லாம் பறந்து பறந்து வந்துச்சு.

— அதான் என்ன பாலிசின்னே தெரியாம கையெழுத்துப் போட்டீய. வாசிங்கப்பா.

— ‘எனக்கு எபினேசரைக் கட்ட இஷ்டம் இல்லை.’ மக்கா, இதை வாயால சொல்லக் கூடாதா?

— வாயால சொன்னா பாதியில கடைக்குப் போயிருதீய. அடுத்தது வாசிங்க.

— ‘கம்பெனி வேலையை விட்டுட்டு, சிவகிரியில மாமனார் இரும்புக்கடையில பில் போடணுமாம்.’ கல்லாவுல உக்காருதது கௌரவம்தானட்டி.

— வீட்ல இருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பாக்கேன். அதை விட்டுட்டு ஆணி எண்ணவா?

— ஞாயித்துக்கிழமை கோயில்ல பாஸ்டரு கல்யாண ஓலை வாசிக்காரு. ஆட்சேபம் உண்டான்னு சபையைத்தான் கேப்பாரு. பொண்ணே ஆட்சேபம்னா? சங்கரன்கோவில்ல துணி எடுக்க வந்த அம்புட்டு பேர்ட்டயும் சொல்லிட்டேனே. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாப்பிள்ளைட்ட பேசுவேன்?

— நீங்க பேச வேண்டாம். வீடியோ கால் மட்டும் போடுங்க. மத்ததை ஸ்லைடு சொல்லும்.

— எனக்குப் பயமால்லா இருக்கு.

— எனக்கும்தான். போடுங்கப்பா.

— ஹலோ, எபினேசர் மாப்பிள்ளை, நான் மாமா சுந்தரராஜ் பேசுதேன். கோயமுத்தூர்ல மழையா? சரி, சரி. ஜாய்ஸ் என்னமோ காட்டணும்ங்கா. போனைத் திரைக்கு நேராப் பிடிக்கேன். தெரியுதா?

— தெரியுது மாமா. கறுப்பு நல்லா எடுப்பா இருக்கு. ரெண்டையும் வாசிச்சிட்டேன், அடுத்தது தட்டச் சொல்லுங்க.

— ஜாய்ஸ் பேசுதேன், அம்புட்டுதாங்க. ரெண்டே ஸ்லைடுதான். மனசு கஷ்டப்பட்டா மன்னிச்சிருங்க.

— மாப்பிள்ளை, கோவிச்சிக்கிடாதீய.

— கோவம்லாம் இல்ல மாமா. என்னையும் இங்கன பாக்குத வேலையை விட்டுட்டு அந்தக் கடையிலதான் உக்காரச் சொல்லுதாவ. எங்கப்பா முன்னால நின்னா எனக்கு வாயே வர மாட்டேங்கு. அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்களேன், பேரையும் மாமனாரையும் மட்டும் மாத்திட்டு எங்கப்பாட்ட ஓட்டுதேன்.